ரோடு சரியில்லையா, வண்டி சரியில்லையா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர்களும், அந்த வேனில் ஏறி வேலைக்குப் போகிறவர்களும் மட்டுமாவது பொறுமையாகப் படித்துவிடுங்கள். இப்போது நேரமில்லை என்றால் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

திருப்பூரில் காருக்குள் என்ன சத்தம் கேட்டாலும் நம் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. "ரோடு அப்படிங்க." வண்டி குதித்தால் ரோடு. ஸ்டியரிங் நடுங்கினால் ரோடு. புது டயர் ஒரே வருடத்தில் மொட்டையானால் அதுவும் ரோடு. இந்தப் பதிலைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். நான்காவது குடிநீர்த் திட்டத்துக்குத் தோண்டினார்கள். 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் சேர்ந்த பிறகு அதற்கும் தோண்டினார்கள். தோண்டி மூடிய இடம் அடுத்த மழைக்கு உள்வாங்கும். மேலே ஒரு தட்டு ஜல்லி போடுவார்கள், அது மேடாகும். பத்தடிக்கு ஒரு பள்ளம், இருபதடிக்கு ஒரு மேடு என்று ஓட்டிப் பழகிவிட்டோம்.

இதே பதிலை நானும் ஒரு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியது இயற்பியல் என்பதால் இப்போது வெட்கம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போனோம். ஓட்டியது நான். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவன் மெதுவாகச் சொன்னான். "மாமா, வண்டி தொட்டில் மாதிரி ஆடுதுங்க."

"ரோடு அப்படிடா" என்றேன்.

"மாமா, நாம இப்ப பைபாஸ்ல போயிட்டிருக்கோமுங்க."

உண்மைதான். அவிநாசியைத் தாண்டி செங்கப்பள்ளி நோக்கி 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஆறு வழிச் சாலை. குழியும் இல்லை, மேடும் இல்லை. அங்கேயும் வண்டி லேசாக மேலும் கீழுமாக அலைந்துகொண்டேதான் வந்தது. தினமும் ஓட்டுகிற எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து ஏறியவனுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அப்போதும் உடனே ஒர்க்‌ஷாப் போகவில்லை. மனிதன் அப்படித்தான். இரண்டு வாரம் கழித்துப் பெருமாநல்லூர் ரோட்டில், முன்னும் பின்னும் பனியன் பண்டல் கட்டிய ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் சந்துக்குள்ளிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் மூக்கு தரையில் முட்டுவது போல முன்னால் சாய்ந்தது, பின்பக்கம் தூக்கியது, ஸ்டியரிங் தானாக இடது பக்கம் இழுத்தது. நின்றுவிட்டேன். எக்ஸ்எல்லுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் திட்டக்கூட இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் வந்த வேகம் நாற்பதுகூட இருக்காது.

மறுநாள் காலை என்னிடம் படித்த ஒரு மாணவர் நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ரேம்ப்பில் ஏற்றினோம். கையில் விளக்கோடு கீழே போனவர், "சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். முன்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டிலும் ஆயில் வழிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, கறுப்புக் களிம்பாக இருந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து இரும்பு இரும்போடு மோதிக்கொண்டிருந்தது. லிங்க் ராடைக் கையால் ஆட்டினார், டக் டக் என்றது. ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதே டக் டக்.

"ஏங்கண்ணு, ரோட்டு சத்தமுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க சார் நெனைக்கறாங்க. ரோட்டுக்கு வாயில்லை, எதைச் சொன்னாலும் வாங்கிக்குது."

இனி கொஞ்சம் பாடம். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தாத்தா காலத்துக் கட்டை வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. வைக்கோல் பரப்பி அதன் மேல் சமுக்காளம் விரித்தால் அதுதான் சஸ்பென்ஷன். வசதியான வீடுகளில் வில்வண்டி இருக்கும். பெயரே சொல்லிவிடுகிறது பாருங்கள். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் ஏறினால் பட்டை வளையும், உட்கார்ந்திருப்பவருக்கு அடி குறையும். இழுப்புக்கு ஏற்ற விசை என்று ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதி வைத்த விதிதான் அந்த வில்லிலும் இருக்கிறது, உங்கள் காரின் சுருள்வில்லிலும் இருக்கிறது.

ஆனால் வில்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாங்கிய அடியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு முறை அழுத்தி விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் ஷாக் அப்சர்பர். உள்ளே ஆயில், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துவாரங்கள். ஆயில் அந்தத் துவாரங்கள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது, ஆட்டம் அடங்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் தடையுறு அலைவு என்று படித்தீர்களே, அது இதுதான். உண்மையில் ஷாக் அப்சர்பர் என்ற பெயரே தப்பு. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். இது ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். இங்கிலாந்துக்காரர்கள் இதை டாம்பர் என்கிறார்கள், அதுதான் சரி. வில்வண்டிக்குத் தனியாக டாம்பர் தேவைப்படவில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே போதும், மாடு போகிற வேகம் அவ்வளவுதான்.

ஆயில் கசிந்து டாம்பர் செத்துவிட்டால் உங்கள் கார் வேகமாக ஓடுகிற வில்வண்டி. இதைச் சொகுசுப் பிரச்சினை என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. "எனக்கு முதுகு வலி இல்லீங்க, நான் தாங்கிக்குவேன்" என்று ஒரு நண்பர் சொன்னார். முதுகைப் பற்றி யார் பேசினார்கள்? பிரேக் பிடிப்பது, திருப்புவது, நேராகப் போவது எல்லாமே டயர் ரோட்டில் ஒட்டியிருக்கும் வரைதான் நடக்கும். ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவு. டாம்பர் அடங்காவிட்டால் சக்கரம் துள்ளுகிறது, துள்ளுகிற நேரத்தில் அந்த உள்ளங்கைப் பிடியும் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டுகிறது. அரை விநாடி பிடி விட்டுப்போனால் 11 மீட்டர். ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், டயரை ரோட்டில் அழுத்திப் பிடிக்க அதனால் முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், சோதனையை நம் ஊருக்குள் செய்யாதீர்கள். இங்கே எந்த வண்டியும் ஆடும், எந்த வண்டியும் சத்தம் போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நல்ல ரோட்டுக்குக் கொண்டு போங்கள். கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி, 60 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். பாலம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சின்ன இணைப்பு இருக்குமே, அதைத் தாண்டியதும் கவனியுங்கள். ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டாவது, மூன்றாவது அலை வந்தால் வண்டி உங்களிடம் ஏதோ சொல்கிறது. நல்ல ரோட்டிலும் ஆடுகிறது என்றால் அப்புறம் ரோட்டின் மேல் பழி போட முடியாது.

இரண்டாவது, வீட்டு வாசலிலேயே செய்வது. காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். எழுந்து ஒரே மூச்சில் நிற்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் அந்தப் பக்கத்து ஷாக் போய்விட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய கார்களின் சஸ்பென்ஷன் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும், பாதி தேய்ந்த ஷாக்கூட இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். இதில் தோற்றால் நிச்சயம் கெட்டது. தேறிவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரிதான்.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, கை சொல்லிவிடும். நெளிநெளியாக, மேடும் பள்ளமுமாக, அலை அடித்த மணல் மாதிரி இருந்தால் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது, ஷாக் வேலை செய்யவில்லை. உள் விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்து வெளிப்பக்கம் புதிதாக இருந்தால் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது. அலைன்மெண்ட் போயிருக்கலாம், அலைன்மெண்ட் நிற்க விடாமல் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கலாம். உள் விளிம்பை நாம் பார்ப்பதே இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துவிட்டுக் குனிந்தால் தெரியும்.

இங்கே ஒரு மனக்குறை. என் காருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை வீல் அலைன்மெண்ட் செய்தேன். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் பச்சை நிறம் காட்டி, சீட்டு அடித்து, காசு வாங்கிக்கொண்டார்கள். கிழிந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது, ஆடுகிற மேசை மேல் கோலம் போடுவது போல. கடையை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறியதும் எல்லாம் பழையபடி. "அண்ணா, புஷ் போயிருக்குது, அதை மாத்தீட்டு வாங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டு டயர் மிச்சமாகியிருக்கும். அலைன்மெண்ட்டுக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள். "தம்பி, மொதல்ல அடியில ஆட்டிப் பாரு."

சத்தங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். குறைந்த வேகத்தில் சின்னக் குழிகளில் டக் டக் என்று தளர்வாகக் கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடு, செலவு குறைவு. பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போல 'டொய்ங்' என்றால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். பழைய கதவு கிரீச்சிடுவது போல வந்தால் காய்ந்துபோன ரப்பர். நம் பக்கத்து வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடுகிறது. இவை எதுவும் வேதவாக்கு அல்ல, மெக்கானிக் ஆட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சத்தங்களில் ஒன்று மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாதது. அது பால் ஜாயின்ட் தளர்வு. அது கழன்றால் சக்கரம் நிற்காது, அப்படியே மடங்கி விழும். முன் சக்கரம் வெளியே மடங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகப் போகும்போது மடங்கியதால்தான் அவை ஓரமாக நிற்கின்றன.

இரவில் ஓட்டும்போது உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஏறி ஏறி இறங்கினால் அதுவும் ஒரு அறிகுறி. எதிரே வருபவர் நீங்கள் டிம், பிரைட் போட்டுக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது.

ஸ்பிரிங் தாழ்ந்தால் நம் ஆட்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சுருளுக்கு நடுவில் தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் செருகுவது. வண்டி உயர்ந்துவிடும், அடி தட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஷாக் செத்தது செத்ததுதான். குட்டி யானைக்காரர்கள் துணி ரோல் அதிகம் ஏற்ற வேண்டுமென்று ஒரு பட்டை கூடப் போடுவதும் இதே கதை. வில்லின் பலத்தைக் கூட்டிவிட்டு, அதை அடக்குகிற ஷாக்கை அப்படியே விட்டால் காலியாகத் திரும்பும்போது வண்டி பந்து மாதிரி குதிக்கும். காலி குட்டி யானையின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். 80,000 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு சொல்வதுண்டு. அது நல்ல ரோட்டுக் கணக்கு. நம் ஊரில் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. 40,000 தாண்டிய வண்டியை வருடத்துக்கு ஒரு முறை ரேம்ப்பில் ஏற்றி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக்கை மாற்றினால் ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனக்கு முன்பக்க ஷாக், லோயர் ஆர்ம், லிங்க் ராடு, கூலி, கடைசியில் ஒரு அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம் ஆனது. வலித்தது. வீணாய்ப்போன டயர் கணக்கைப் போட்டதும் வலி குறைந்தது. அடுத்த முறை வந்த மருமகன் ஏறியதும், "ரோடு போட்டுட்டாங்களா மாமா?" என்றான்.

ரோட்டை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சாலை வரி கட்டுகிறோம், கேட்கத்தான் வேண்டும். வேகத்தடைக்கென்று இந்திய சாலைப் பேராயம் அளவு எழுதி வைத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. நம் தெருக்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் கருங்கல் திண்ணை மாதிரி ஒன்று. அதற்கு வெள்ளைப் பெயிண்ட்டும் கிடையாது. அது வண்டியின் வேகத்தைத் தடுப்பதில்லை, ஆயுளைத் தடுக்கிறது. கேளுங்கள், மனு கொடுங்கள். ஆனால் ரோடு கெட்டிருக்கிற ஊரில்தான் வண்டியின் அடியை அடிக்கடி பார்க்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். ரோடு கெட்டிருக்கிறது, அதனால் பார்த்துப் பயனில்லை என்கிறோம்.

இதுவரை சொன்னது சொந்தக் கார் கதை. இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

தினமும் காலையில் நம் ஊருக்குள் எத்தனை வேன் வருகிறது என்று நின்று பாருங்கள். பல்லடம் பக்கமிருந்து, ஊத்துக்குளி பக்கமிருந்து, காங்கயம், தாராபுரம் ரோட்டிலிருந்து எட்டரை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிகள். உள்ளே பெரும்பாலும் பெண்கள். கட்டிங், செக்கிங், பேக்கிங், பவர் டேபிள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் அதே வேனில் தூங்கிக்கொண்டே திரும்புகிறார்கள். பல வண்டிகள் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல, ஒப்பந்தத்துக்கு ஓடுபவை. சில வண்டிகள் கம்பெனி ட்ரிப், பள்ளிக்கூட ட்ரிப், மறுபடி கம்பெனி ட்ரிப் என்று நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகின்றன. ஆள் எண்ணிக்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுப் பக்கத்தில் ஒரு அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறார். என் கார் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "சார், எங்க வேன்ல கடைசி சீட்டுல யாரும் உக்கார மாட்டோமுங்க. குழியில விழுந்தா தலை மேல முட்டும். லேட்டா வர்றவங்களுக்குத்தான் அந்த சீட்டு." எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீவாளிக்கு முன்னாடி இருந்துங்க." அப்போது சித்திரை மாதம். டிரைவரிடம் சொன்னீர்களா என்றேன். "சொன்னா அவரு என்னங்க பண்ணுவாரு, ஓனர் ஓடற வரைக்கும் ஓட்டுங்கறாரு." அவரும் முடிவில் சொன்னது அதே வார்த்தைதான். "ரோடு அப்படிங்க சார்."

தலை முட்டுகிறது என்றால் பின்பக்க ஷாக் வேலையை விட்டுப் பல மாதம் ஆகிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அடியில் தட்டி மேலே வீசுகிறது. அந்த வண்டி பத்துப் பதினைந்து உயிரோடு இரவில் பைபாஸில் பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை என் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது அந்த முதலாளிக்குத் தெரியாது, அவர் அந்த வேனில் ஏறுவதில்லை. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளும் அந்த வேன்களில் வருகிறார்கள். சத்தம் வருகிறது என்று டிரைவரிடம் சொல்ல அவர்களுக்கு மொழிகூட இல்லை.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். வாடகை வண்டிகளுக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று. ஒரு ஷாக் கெட்டுப்போக அவ்வளவு நாள் வேண்டாம். சொந்தக் காருக்கோ 15 வருடம் யாரும் குனிந்தே பார்ப்பதில்லை. எஃப்.சி. வாங்கிய அன்று வண்டி நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அந்தக் காகிதம் சாட்சி. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். மறக்க முடியுமா? அது எஃப்.சி. வாங்கிய வண்டிதான். அதன் பிறகுதான் அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்குத் தமிழக அரசு சிறப்பு விதிகள் கொண்டு வந்தது. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளி வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் பார்க்கிறார்கள். அதிலும் குறை உண்டு, ஆனாலும் பார்க்கிறார்கள். அந்தச் சிறுமிகள் வளர்ந்து கம்பெனி வேனில் ஏறும் வயதுக்கு வந்த பிறகு அவர்களுக்கு அந்த வரிசை இல்லை.

நம் ஊர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி கிடைக்காது. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் பிரித்துத் தேடுவார்கள். பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் வேறு. வெளிநாட்டில் யாரோ ஒரு குழந்தை போடப்போகிற சட்டையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது. நியாயமான அக்கறை, எனக்கு அதில் பெருமைதான். அந்தச் சட்டையைத் தைத்தவரை வீட்டுக்குக் கொண்டு போகிற வேனில் என்ன உடைந்திருக்கிறது என்று எழுத ஒரு ரெஜிஸ்டரை எந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை. வைத்திருக்கும் கம்பெனி இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாழ்த்துகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஊசி ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வேன் ரெஜிஸ்டர். ஒப்பந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரேம்ப்பில் ஏற்றி, ஷாக், பட்டை, புஷ், பால் ஜாயின்ட், டயர் பார்த்து, பார்த்த மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் அந்த மாத வாடகை கிடையாது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் வேன் ஓனர்கள் தாமாகவே வருவார்கள். இன்னொரு பக்கம் அந்த வேனில் வருகிறவர்களுக்கு. தலை முட்டுகிறது, இடது பக்கம் இழுக்கிறது, பின்னால் சத்தம் வருகிறது என்று அவரவர் மொழியில் எழுதலாம், எழுதத் தெரியாதவருக்கு சூப்பர்வைசர் எழுதிக் கொடுக்கலாம். கடைசி சீட்டில் உட்காருபவரை விட நல்ல சஸ்பென்ஷன் டெஸ்டர் உலகத்தில் எந்த மெஷினும் கிடையாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் மே மாதம் பள்ளி வண்டிகளைப் பார்ப்பது போல ஒரு நாள் கம்பெனி வண்டிகளையும் வரச் சொல்லலாம். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கம்பெனிகள் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ஆர்டர் குறைந்திருக்கிற நேரத்தில் இதெல்லாம் எங்கே சார் என்று ஒரு பழைய மாணவர், இப்போது சின்ன யூனிட் முதலாளி, போனில் கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவரிடம் ஓடுவது இரண்டே வேன். இரண்டு வேனுக்கும் பின்பக்க ஷாக் மாற்றினால் என்ன ஆகும் என்று விசாரித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சனிக்கிழமை சம்பளம் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை வண்டிய ரேம்ப்புல ஏத்தறனுங்க சார்" என்றார். ஏற்றியிருக்கிறார். ஒரு வேனில் பட்டையே இரண்டு உடைந்திருந்ததாம்.

ரெஜிஸ்டர் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள், வேன் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் இன்பாக்ஸில் போட்டோ அனுப்புகிறேன். காரை நல்ல ரோட்டுக்குக் கொண்டு போய்ப் பார்த்தவர்கள் என்ன தெரிந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். வேனில் வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வேனில் கடைசி சீட் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.